ஐந்து பொத்தான்கள்

அது 1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கு ஒன்பது வயது முடிந்திருந்தது. இத்தாலியில் நாங்கள் இருந்த சீசா என்ற பகுதியில், எங்கள் வீட்டுக்குக் கீழே உடுப்புக்கடை வைத்திருந்த சீன அன்ரிக்கு என்னைவிட இரண்டு வயது மூத்த மகன் இருந்தான். அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளை. பள்ளியில் அவனுக்கென்று தனி ஆசிரியை கிடைக்க வேண்டுமானால், டொக்டர்கள் அவனைப் பார்த்து எழுதித் தர வேண்டும்.

அம்மாவுக்குத் தெரிந்த அரச அலுவலகம், விசாவுக்கு வரிசையில் நிற்கும் குவெஸ்தூரா ஒன்றுதான். அங்கே கோயிலுக்குப் போவதுபோல் உடுத்துப் போவோம். அந்த முறையையே அன்ரிக்கும் சொன்னார்.

"அவையளுக்கு முன்னாலை பெடியன் கெட்டிக்காரனா நிக்கவேணும். சொல்லு பிள்ளை அவவுக்கு."

நான் இத்தாலிய மொழியில் சொன்னேன். அன்ரி உடனே தலையாட்டினார். அவருடைய ஊரிலும் அப்படித்தானாம். மூன்று வாரம் அவனுக்குச் சட்டைப் பொத்தான் பூட்டப் பழக்கினேன். மொத்தம் ஐந்து.

டொக்டர்களிடம் போன அன்று, அன்ரிக்காகப் பேச நானும் போனேன். அவன் ஐந்தையும் பிசகாமல் பூட்டி, "பொன்ஜோர்னோ" என்று வணக்கம் சொன்னான். வீட்டில் என்னென்ன செய்வான் என்று டொக்டர் கேட்டார்.

"எல்லாம் செய்வான்" என்றார் அன்ரி. கணக்கும் செய்வான் என்று நானாகச் சேர்த்துவிட்டேன்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. தனி ஆசிரியை தேவையில்லையாம். அம்மா வேலை செய்த வீட்டின் எஜமானி சின்னோரா அதை வாசித்துவிட்டு, டொக்டர்களிடம் அவனால் முடியாததைத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

"ஐயோ, கெடுத்தது நாங்கள்தான்" என்றார் அம்மா. அன்ரியுடன் மறுபடி விண்ணப்பம் கொடுத்தார்.

செப்டெம்பரில் மறுபடி டொக்டர்களிடம் போனபோது, வேலைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவும் வந்தார். அன்ரி தரையைப் பார்த்தபடி, தன் அரைகுறை இத்தாலிய மொழியில் ஒவ்வொன்றாகச் சொன்னார். தனியே வீதி கடக்க மாட்டான். பசித்தால் சொல்ல மாட்டான். பெற்ற தாய் நான் செத்தால்கூட அவனுக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் நான் திருத்தமான வசனமாக்கி, சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். பக்கத்தில் அவன், ஒருவரும் கேட்காமலே, பொத்தான்களைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான்.

டொக்டர் கையெழுத்திட்டார்.

"வெண்டிட்டம்!" என்று, ஏதோ போட்டியில் வென்றதுபோல், படியிலேயே துள்ளினேன். அம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

"வாயை மூடு. அவனுக்கும் காது இருக்கு."

அவனுக்குக் காது கேட்காது என்று யார் சொன்னது? நான் சொல்லவேயில்லையே. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. வழக்கமாக என்னோடு ஒட்டிக்கொண்டு இருப்பவன், அன்று சீசா வரும்வரை கம்பியைப் பிடித்தபடி ஏன் நின்றான் என்று எனக்கு விளங்கவில்லை.