நுனி ஒடித்த வெண்டிக்காய்

எங்கள் அடுத்த வீட்டுச் சீலா அக்கா எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பியதில்லை. மீனென்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்குவார். துறைமுகத்தில் வேலை என்று சொல்லிப் பெண் கேட்டு வந்த இராஜநாயகம் அண்ணையையே, துறைமுக வாசலில் போய் நின்று, அவர் வேலை முடிந்து வெளியே வருவதைக் கண்ட பிறகுதான் கட்டினார்.

அந்த அண்ணைக்கு இப்போது முட்டு வருத்தம். மூச்சு விடவே பாடுபடுகிற மனுசனுக்குக் கொரோனாவும் வந்தால் தப்பமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு உலகத்தில் இருமுகிற எல்லோருமே எதிரிகள்.

சந்தையைப் பூட்டிவிட்டு விளையாட்டு மைதானத்தில் வியாபாரிகளை இருத்தியிருந்தார்கள். அடையாள அட்டையின் கடைசி இலக்கப்படிதான் வெளியே போகலாம்; எனக்கும் அக்காவுக்கும் ஒரே நாள். வாசலில் ஒரு கொப்பியில் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். மரக்கறியைத் தொட ஏலாது. கட்டி வைத்த பையை அப்படியே வாங்க வேண்டும். தம்பலகாமத்து இராசையாவிடம் ஆறு வருசமாக வெண்டிக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்கிய அக்காவுக்கு, அந்தக் கட்டின பையே முதல் சந்தேகம். அடியில் முற்றலை ஒளித்திருப்பான் என்று எனக்குச் சொன்னார்.

நான் அவரிடம் வாங்கிக்கொண்டு போன பிறகு இராசையா இருமியிருக்கிறார்.

"மிளகாய் நெடி, தங்கச்சி. இப்பதான் செத்தல் மிளகாய் நிறுத்துக் குடுத்தனான்" என்றாராம்.

அக்கா நம்பவில்லை. வீட்டுக்கு வந்து சுகாதாரப் பரிசோதகருக்குப் போன் எடுத்தார். பின்னேரமே இராசையாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார்கள். மரக்கறி முழுவதும் மைதானத்திலேயே கிடந்து அழுகியது.

அக்கா மறந்தது ஒன்றைத்தான். இராசையாவிடம் வாங்கியவர்களை வாசல் கொப்பியை வைத்துத்தான் தேடுவார்கள். மறுநாள் காலை அக்கா வீட்டுப் படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டினார்கள். என் வீட்டிலும்தான். என் வாயில் வந்ததை இங்கே எழுத ஏலாது. அண்ணைக்குக் கிளினிக் நாள் தவறியது. மூச்சுக்கு இழுக்கிற மருந்துப் பம்பும் முடிகிற கட்டம். அக்கா குசினியில் இருந்து அழுவது எனக்குக் கேட்டது.

நாலாம் நாள் இராசையாவுக்குத் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. அறிவித்தலைக் கழற்ற ஆள் வருவதற்கு முதலே அவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு வண்டி எங்கள் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. அக்காவின் படலையில் ஒரு பையைக் கொழுவித் தொங்கவிட்டார். அக்கா தடியால் அதை இழுத்தெடுத்தார். கோபத்தில் எதையாவது பூசிக் கொண்டு வந்திருப்பானோ என்று பயம். மஞ்சள் உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவதற்காகப் பையை வாளிக்குள் கவிழ்த்தார்.

அத்தனையும் வெண்டிக்காய். ஒவ்வொன்றிலும் நுனி ஒடித்திருந்தது.

அக்கா படலைக்கு ஓடினார்.

"அண்ணை, அண்டைக்குப் போன் எடுத்தது நான்தான்."

"ஓம், தெரியும். நான் இருமேக்க நீங்கள் மட்டும்தானே நிண்டனீங்கள்." இராசையா வண்டியில் ஏறினார். "கெதியாச் சமையுங்கோ தங்கச்சி. நுனி ஒடிச்சதை வைச்சிருக்க ஏலாது, வாடிப்போகும்."