கோச்சியும் பெட்டியும்

கல்கிசையைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். இடது பக்கம் கடல். வெயிலுக்குத் துவாயைத் தலையில் போட்டிருந்தேன். இரத்மலானையிலிருந்து வெள்ளவத்தை வரை நடப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. பஸ்ஸில் நெரிபடுவதைவிடச் சுகம். நடந்துகொண்டே யோசிக்கவும் முடியும். அன்று யோசிக்க ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. இரத்மலானை ரயில் யார்ட்டின் மூலையில், யாரும் பாவிக்காத தண்டவாளத்தில் நிற்கும் பழைய மர ரயில் பெட்டியின் மேல், வெள்ளைச் சோக்கால் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். பழைய இரும்புக்கு வெட்டக் கொடுக்கும் பெட்டிகளுக்குத்தான் அந்தக் குறி.

அந்தப் பெட்டியைக் காப்பாற்ற ஐந்து பேர் இருந்தார்கள். வெள்ளவத்தையில் பல் டொக்டராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்தவர் ஒருவர்தான் தலைவர். மற்ற நால்வரும் நுகேகொடைப் பக்கத்துச் சிங்களவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுப் பார்சலோடு வந்து பெட்டியின் பெயின்டைச் சுரண்டுவார்கள். அடியில் தெரிவது சிவப்பா, தவிட்டு நிறமா என்று சோறு ஆறிப்போகும் வரை சண்டை பிடிப்பார்கள். அப்படிச் சண்டை பிடிக்க ஆளில்லாத பெட்டிகள் எல்லாம் வெட்டப்பட்டுவிட்டன என்பதால் அந்தச் சண்டையை நான் மதித்தேன்.

நான் அங்கே போனது ஜன்னல் திருத்த. ஹெந்தளையில் ஒரு தளபாடக் கடையில் தச்சு வேலை பார்த்தேன், கடை மூடிவிட்டார்கள். அதற்கு முதல் லொறியில் போனேன், சந்தையில் மூட்டை தூக்கினேன், வவுனியாவில் பேக்கரியில் நின்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஜன்னல் வேலை முடிந்த பிறகும் டொக்டர் என்னை விடவில்லை. நான் யாரோடும் பேச்சுக் கொடுப்பேன் என்பதைக் கண்டுகொண்டு, பழைய பயணிகளைத் தேடிப் பிடித்துக் கதை கேட்கச் சொன்னார். அதற்குப் பெயர் ஆராய்ச்சி என்றும் சொன்னார்.

வெள்ளவத்தை மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் ஏறி இறங்கினேன். ஒன்று விளங்கியது. மனிதர்களுக்குப் பயணம் ஞாபகம் இருக்கிறது, பெட்டி ஞாபகம் இல்லை. யார் சத்தி எடுத்தது, அனுராதபுரத்தில் தேத்தண்ணீர் குடிக்க இறங்கி யார் ரயிலைத் தவறவிட்டது என்று எல்லாம் சொல்வார்கள். பெட்டியின் நிறத்தைக் கேட்டால் எதிரே இருந்த பெண்ணின் சேலை நிறத்தைச் சொல்வார்கள்.

டொக்டரின் குழுவிடம் இருந்த ஒரே பலமான சாட்சி நான் வருவதற்கு முந்தியது. கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ஒரு அம்மா. சின்ன வயதில் வேளாங்கண்ணிக்குப் போக இந்தப் பெட்டியில்தான் தலைமன்னார் வரை போய், அங்கே கப்பல் ஏறினதாகச் சொல்லியிருந்தார். டொக்டரே நேரில் கேட்டு, யார்ட் அதிகாரிக்கு இங்கிலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். கப்பலுக்கு ஆள் கொண்டுபோன பெட்டி என்பதால்தான் யார்ட்டில் இத்தனை காலம் விட்டுவைத்தார்கள். இப்போது புது அதிகாரி வந்திருந்தார். அன்று காலை என்னிடம் சிங்களத்தில் சொன்னார்: "தம்பி, அந்த அம்மாவின் கையெழுத்தோடு கடிதம் வந்தால் குறியை நானே அழிக்கிறேன். வராவிட்டால் வெட்டத்தான் வேண்டும்."

வெள்ளவத்தையில் டொக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சாப்பிட்ட கையோடு எழும்பினார்.

"நீர் இருக்காதையும். உடன போம். அவ நல்ல மனுசி, கையெழுத்து வைப்பா."

மட்டக்குளி பஸ்ஸைப் பிடித்துக் கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். அந்த அம்மா கதவைத் திறக்கும்போதே கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"வாங்க மகன், இரிங்க. அந்தப் பல்லு டொக்டர் அனுப்பினதா? போன முறை வந்து கோச்சியக் கேட்டாரு, பிறகு என்ட பல்லப் பாத்துட்டு ரெண்டு புடுங்கோணும் எண்டுட்டுப் போனாரு. அதுக்குப் பிறகு நான் அவருக்கு முன்னால சிரிக்கிறதே இல்ல."

கையெழுத்து வேண்டிய கடிதத்தைப் பற்றிச் சொல்லி, பெட்டியின் படத்தைக் காட்டினேன். "அன்ரி, இந்தப் பெட்டியிலதானே வேளாங்கண்ணிக்குப் போனீங்க?"

"பெட்டியா? பெட்டி எதெண்டு யாருக்கு மகன் தெரியும்? தலைமன்னார் கோச்சில போனீங்களா எண்டு கேட்டாரு. ஓம், அந்தக் கோச்சிலதான் போனம் எண்டு சொன்னேன்."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கொழும்பில் தமிழனும் சிங்களவனும் முழு ரயிலையும்தான் கோச்சி என்பான். தனி ஒன்று பெட்டி. ஆனால் இங்கிலீசில் கோச் என்றால் அந்தத் தனி ஒன்று. அம்மா சொன்னது முழு ரயிலை. டொக்டர் எழுதியது ஒரு பெட்டியை.

அம்மா கண்ணாடியைப் போட்டுப் படத்தைத் திரும்பப் பார்த்தார்.

"எங்கட ஜன்னல் பலகை மேல இருந்து கீழ விழுறது மகன். அனுராதபுரத்தில டமார் எண்டு விழுந்து தம்பிட விரல் நசுங்கிட்டு. தலைமன்னார் வரைக்கும் அழுதான். மாதாவுக்கு நேர்ந்துகிட்டுப் போற பயணத்தில அப்பா வாயில வந்தது முழுக்கத் தூசணம்."

நான் திருத்திய ஜன்னல்களின் பலகைகள் மூடுவதற்குக் கீழேயிருந்து மேலே இழுப்பவை, நழுவினால் திறந்துகொள்ளும், விரலில் விழாது. ஒவ்வொன்றையும் என் கையால் இழுத்துப் பார்த்தவன் நான். இனிச் சந்தேகப்பட எதுவும் இல்லை.

"அப்ப கையெழுத்து வைக்கட்டா? பாவம் அந்த மனுசன். மாதா ஒண்டும் நினைக்க மாட்டா."

"வேணாம் அன்ரி."

அவர் வைத்திருப்பார். பெட்டியும் தப்பியிருக்கும், அதிகாரி அதே கேள்வியைத் தமிழில் கேட்க ஒருவரை அனுப்பும் வரை. அதன் பிறகு அந்த ஐந்து பேர் எந்தப் பெட்டியைப் பற்றி என்ன சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை. நான் படியேறிக் கேட்ட கதைகளும் அதோடு போய்விடும். பிளேன் டீயைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

பொழுதுபட வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். டொக்டர் நான் சொன்னதைக் கேட்டார், தான் எழுதியதன் பிரதியை எடுத்துப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"நாள் முழுக்கக் கோச்சி, கோச்சி எண்டு கதைக்கிறன். பேனையை எடுத்தவுடன வெள்ளைக்காரனாயிட்டன், பாத்தீரோ?" சிரிப்பு நின்றது. "அப்ப இது என்ன பெட்டி, தம்பி? மூண்டு வருசமா நாங்கள் எதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறம்?"

"அது பலகைக்குத்தான் தெரியும், டொக்டர். ஹெந்தளைல ஒரு அலுமாரி செஞ்சாலும் எந்தப் பலகை எந்தப் பக்கம் எண்டு பின்னாலதான் எழுதுவம். முன்னால எழுதினா பெயின்ட் மூடிரும். இதைச் செஞ்சவங்களும் தச்சன்தானே, இது எந்தப் பெட்டி எண்டு பின்னால எழுதியிருப்பாங்க. நீங்க எல்லாரும் வெளியில சுரண்டுறீங்க. உள்ளுக்கு ஒரு பலகையையும் கழட்டினதில்ல."

"கழட்டினா உடைஞ்சிடும் எண்டு நான்தான் விடேல்ல. இனி யார்ட்டில எங்களைக் கிட்ட விடுவினமோ?"

"உங்களை விட மாட்டாங்க. வெட்ட வாறவனை விடுவாங்க. இரும்பை வெட்ட முதல் பலகையைக் கழட்டத்தானே வேணும்."

அவர் பிரதியை மடித்து வைத்தார். "வெட்டுறவனோட போய்ச் சேரப்போறீர்?"

"ஓம்."

"எங்கட ஆக்கள் கண்டா உமக்குக் கல்லெறிவினம்."

"அவங்க ஞாயிற்றுக்கிழமைதானே வருவாங்க. அதுக்கிடையில முடிச்சிருவேன்."

அதிகாரியிடம் போய், எழுதியது பிழை என்று தானே சொல்வதாக டொக்டர் சொன்னார். பெட்டி எது என்று தெரிந்தால் வெட்டுவதை நிறுத்தக் கேட்கலாம் என்றும் சொன்னார். தெரியவரும் என்றேன்.

மறுநாள் காலை யார்ட் கேற்றடியில் பழைய இரும்பு முதலாளி லொறியோடு நின்றார். மருதானைக்காரர், முஸ்லிம். பலகை கழட்டும் வேலை கேட்டதும் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பலகய ஒடைக்காமக் கலட்டத் தெரியுமா? தேக்கு. ஒடஞ்சா எனக்கு வெறகு."

"தெரியும். ஒண்டு மட்டும் கேட்கணும், முதலாளி. ஒவ்வொரு பலகையும் நான் முதுகைப் பார்த்த பிறகுதான் லொறியில ஏறணும்."

"முதுகப் பாரு, வயித்தப் பாரு, ஒனக்கு இஷ்டம். ஒடைக்காத."

கருவிப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் திருத்திய ஜன்னல்களைத் தாண்டி உள்ளே போய், மூலைப் பலகையின் முதல் திருகாணியில் ஸ்குறூ டிரைவரை வைத்தேன்.