பிஸ்டன் வருவதற்கு முன்

பிஸ்டனைக் கையில் வாங்கி, அளந்து பார்த்த பிறகுதான் சிலிண்டரைக் கடைய வேண்டும். எந்த இன்ஜின் கையேட்டிலும் இருக்கும் விதி இது. என் காரின் கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது. காரணம் எளிது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்தால் அதன் துளை அகலமாகும். அந்த அகலத்துக்கேற்ற பெரிய பிஸ்டன் கிடைக்காவிட்டால், மிஞ்சுவது இன்ஜின் அல்ல, மிகக் கனமான பூந்தொட்டி.

கார் நான்கு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அதை ஓட்டியவள் என் மனைவி. பக்கவாதத்துக்குப் பிறகு அவளுடைய வலது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆகவே இடது காலால் மிதிக்கும்படி ஆக்சிலரேட்டர் பெடலை மாற்றிப் பொருத்தி, அதற்குப் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரமும் வாங்கினோம். எனக்குக் கண் நீர் அழுத்த நோய், ஓட்டுவதை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் அவள் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தனியாகக் கிள்ளானுக்குப் போய்த் தன் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். வாரத்தில் அந்த ஒரு நாள் அவளுக்கு நோயிலிருந்தும் என்னிடமிருந்தும் விடுமுறை. எதிலிருந்து கிடைத்த விடுமுறை அவளுக்கு அதிகம் பிடித்தது என்று நான் கேட்டதில்லை.

பின்னால் நீலப் புகை வரத் தொடங்கியதும் கிள்ளானில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் ஐம்பதைக் கடந்தவர். என்னை அங்கிள் என்பார்.

“பிஸ்டன் ரிங் போச்சு அங்கிள். எண்ணெய குடிக்குது. இறக்கிப் பார்த்துடலாம் லா.”

வேறு கார் வாங்கலாம் என்றால், என் வயதுக்கு எந்த வங்கியும் கடன் தராது. இறக்கச் சொன்னேன். விதியையும் சொன்னேன்: முதலில் பிஸ்டன், பிறகுதான் போரிங் எனும் கடைசல்.

“தெரியும் அங்கிள். நான் என்ன நேத்தா இன்ஜின பார்த்தேன்?”

அடுத்த வாரமே தொலைபேசியில் கூப்பிட்டார். “போரிங் முடிஞ்சிருச்சு! உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு, வந்து மூஞ்சி பாருங்க.”

“பிஸ்டன்?”

“தெலுக் பங்லிமா காராங் பக்கம் நம்ம லோரி ஒண்ணு போச்சு. கடையற கடை அங்கதான். சும்மா போற லோரிதானேன்னு இன்ஜின் பிளாக்க ஏத்தி விட்டுட்டேன்.”

“நான் கேட்டது பிஸ்டன்.”

“வந்துரும் அங்கிள். கிள்ளான்ல கிடைக்காத சாமானா?”

கிள்ளானில் கிடைக்கவில்லை. காஜாங்கில் ஒரு கடைக்காரர் இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் ஓர் அளவு சிறியது. சிறியதைப் போட்டால் இன்ஜின் தேநீர்க்கடைக் கரண்டிபோல் கடகடக்கும் என்று மெக்கானிக்கே ஒப்புக்கொண்டார். பிறகு வேறு வழி சொன்னார்.

“ஹாஃப்-கட் போட்டுடலாம் அங்கிள். ஜப்பான்ல பாதியா வெட்டி கப்பல்ல அனுப்பற கார்ல இருந்து முழு இன்ஜினையே எடுத்து மாட்டிடலாம். ஒரு வாரம்.”

அந்த இன்ஜின் எத்தனை தூரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. இன்ஜின் எண்ணும் வேறு. எண் மாறினால் முன் அனுமதி, பரிசோதனை, பதிவில் திருத்தம். பரிசோதிக்கிறவர் பெடலையும் பார்ப்பார். பார்த்தால் அதற்குப் பழைய அங்கீகாரம் போதுமா என்று ஒரு கேள்வி வரும். அத்தனை படிகளும் எனக்கு மனப்பாடம். அதனால்தான் பயம்.

ஆகவே சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரம் உதிரிபாக முகவர் நிறுவனம் ஒன்றுக்கு முறைப்படி கடிதம் எழுதினேன். “வாட்ஸ்அப்ல ஒரு படம் தட்டி விடுங்க அங்கிள், போதும்” என்றார் மெக்கானிக். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

வெள்ளிக்கிழமைகளில் வாடகைக் காரில் கிள்ளானுக்குப் போனோம். போனோம் என்றால், நானும். தங்கை வீட்டுக் கூடத்தில் நான் உட்கார்ந்திருக்க, சமையலறையில் இரண்டு பெண்களும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். முன்பெல்லாம் தெருமுனைவரை சிரிப்பு கேட்கும் என்று தங்கையின் கணவர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, வந்தவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்.

ஒரு நாள் திரும்பும் வழியில் அவள் கேட்டாள்.

“ஏங்க, அந்த ஜப்பான் இன்ஜினையே போட்டா என்ன?”

“கடிதம் போயிருக்கு. பதில் வராம வேற முடிவு எடுத்தா சரியா இருக்காது.”

“யாருக்கு சரியா இருக்காது?”

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் விளக்கினேன். ஒரு விசாரணை நிலுவையில் இருக்கும்போது அதே பொருளில் இன்னொரு நடவடிக்கை தொடங்குவதில்லை. அலுவலகத்தில் இதை மீறியவர்கள் பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நினைவூட்டல் கடிதம் அனுப்பினேன். அதற்கும் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். பட்டறையில் எங்கள் பிளாக்கின்மேல் யாரோ பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். கண்ணாடி என்று சொல்லப்பட்ட துளைகளில் மெல்லிய துரு படர்ந்திருந்தது. “எண்ணெய் தடவித்தான் வெச்சேன் அங்கிள்” என்றார் மெக்கானிக். பிறகு, “இவ்வளவு நாள் ஆகும்னு யாரு கண்டா?” என்றார். அந்தக் கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று நான் ஆராயவில்லை.

வெள்ளிக்கிழமைப் பயணம் முதலில் மாதத்துக்கு ஒன்றானது. பிறகு தங்கையே எப்போதாவது வந்து போனாள். வீட்டுக்குள் நடப்பதற்கும் மனைவி சுவரைப் பிடிக்கத் தொடங்கினாள். அவளுடைய லைசென்ஸ் முடியப்போவது எனக்குத் தெரியும். அந்த மாதிரித் தேதிகளை நான் தவறவிட்டதில்லை. அவள் பச்சைப்பயறு ஆய்ந்துகொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்.

“அடுத்த வாரம் லைசென்ஸ் முடியுது. புதுப்பிக்கணும்.”

“வேணாம்.”

“கார் வந்ததும் உடனே ஓட்ட முடியாம போயிடும்.”

“இனிமே எனக்கு ஓட்ட தைரியம் இல்லைங்க. மொதல்லயே வந்திருந்தா ஓட்டியிருப்பேன்.” கோபமில்லாமல் சொன்னாள். “நீங்க அந்தத் தட்ட இப்படித் தள்ளுங்க.”

தள்ளினேன். லைசென்ஸ் முடிந்தது. புதுப்பிக்கத் தவறினால் என்ன செய்வது என்பதற்கு நடைமுறை உண்டு. ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்பதற்கு இல்லை.

முகவர் நிறுவனம் பதில் எழுதியது. என் ஆர்வத்துக்கு நன்றி சொல்லி, காரின் சேஸி எண்ணைத் தெரிவித்தால் பிஸ்டன் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாக எழுதியிருந்தார்கள். சேஸி எண் என் முதல் கடிதத்தின் முதல் வரியில் இருந்தது. தைப்பூசத்துக்கு மறுநாள் வந்தது அந்தப் பதில்.