வரைபடத்தில் இருந்த பப்

இங்கிலாந்தில் எங்கள் டோர்செட் பக்கத்தில் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர் ஆம்ப்ரோஸ் லெக். சந்தையில் வாங்கிய நூறு வருஷத்துப் பழைய மாவட்ட வரைபடத்தைத்தான் நம்பி நடப்பார். ஒரு மழைநாளில், அதில் பப் என்று போட்டிருந்த வீட்டுக்குள் நேராக நுழைந்து உட்கார்ந்தார்.

"ஒரு பியர் குடும்மா."

அடுப்படியிலிருந்து அந்த வீட்டுக்காரி பெரில் கரண்டியோடு ஓடிவந்தாள். "யோவ், இது என் வீடுய்யா!"

"இதுல பப்னு போட்டிருக்கே?"

"அப்ப நான் எங்க நிக்கிறேன்னு அதுல காட்டு பாக்கலாம்!"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிஜமாகவே தேட ஆரம்பித்தார். பெரிலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டீயும் ஆப்பிள் கேக்கும் கொடுத்து அனுப்பினாள்.

அந்தக் கேக்கைப் பற்றி அவர் கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பழைய வரைபடத்தோடு ஏழு பேர் அவள் வாசலில் நின்றார்கள்.