ஆறு பேரைக் கோப்பி குடிக்க அனுப்பிய படம்

லாரியைப் பற்றிச் சினிமாப் படம் எடுக்கப்போகிறோம் என்று எங்கள் வெள்ளைக்காரத் துரை சொன்ன அன்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தக் காலத்தில் பினாங்கில் ஓடிய படங்களில் ராஜா இருப்பார், ராணி இருப்பாள், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு குரங்காவது இருக்கும். வெறும் லாரியை எவன் உட்கார்ந்து பார்ப்பான்? கேட்க முடியுமா? மோட்டார் கம்பெனியில் நான் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. துரை எது சொன்னாலும் "யெஸ் சார்" என்பதுதான் என் உத்தியோகம்.

கப்பலில் புதிதாக வந்திறங்கிய லாரி அது. துரை அதைச் சுற்றிச் சுற்றி வந்து விளக்கினார். தளம் தாழ்வு, இடுப்புயரம்கூட இல்லை. பின் பலகையின் கொக்கியைத் தட்டினால் பலகை தரைவரை சாய்ந்து சரிவாகிவிடும். மூட்டையைத் தோளில் சுமக்காமல் கைவண்டியில் வைத்துத் தள்ளியே ஏற்றிவிடலாம். அதைத்தான் படத்தில் காட்ட வேண்டுமாம். கடலோரத்து அரிசிக் கிட்டங்கி ஒன்றின் வாசலில் எடுக்க ஏற்பாடு. அந்தக் கிட்டங்கி முதலாளியும் இந்த லாரியை வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அங்கே மூட்டை தூக்கும் எட்டுப் பேரில் ஒருவர் என் மச்சான், அக்காவின் கணவர். முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, லோரி வந்துட்டா எங்க எட்டுப் பேருக்கும் வேலை இருக்குமா? உள்ளதச் சொல்லு."

"என்ன மச்சான் பேச்சு இது! மாட்டு வண்டி போயி லோரி வருது, அவ்வளவுதான் லா. மூட்டை என்ன தானா ஏறிக்குமா? ஏத்துறதுக்கு ஆள் வேணாமா?"

அவர் முகம் தெளிந்தது. நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன்.

படம் எடுத்த நாள் ஒரே குளறுபடி. எட்டுப் பேரும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, வெளுத்த வேட்டியோடு கல்யாணத்துக்குப் போகிறவர்களைப் போல வந்து நின்றார்கள். காமிராக்கார வெள்ளைக்காரரோ இரண்டு விரலைக் காட்டினார். இரண்டே பேர் ஏற்ற வேண்டும், மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும். மச்சானும் இன்னொருவரும் கைவண்டியைத் தள்ளினார்கள். பாதிச் சரிவு ஏறுவதற்குள் மற்ற ஆறு பேரும் ஓடிவந்து கைகொடுத்துவிட்டார்கள்.

"ரெண்டு பேர்தான்னு சொன்னேன்ல?" என்று கத்தினேன்.

"கை தானா போயிடுச்சு கிராணியாரே" என்றார் அவர்களில் மூத்தவர்.

அது அவர்களுக்குள் ஒரு கட்டு. ஒருவன் பாரம் ஏற்றும்போது மற்றவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. நின்றால் அன்றைக்கு அவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். இரண்டாம் தடவையும் ஓடிவந்தார்கள். மூன்றாம் தடவையும் அதே கதை. காமிராக்காரர் தொப்பியைத் தரையில் அடித்தார். துரை என்னை முறைத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு யார் மேல் கோபம் வருகிறது என்றே தெரியவில்லை. இரண்டு பேர் ஏற்றினால் என்ன, எட்டுப் பேர் ஏற்றினால் என்ன, ஏறப்போவது அதே அரிசிதானே!

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆறு பேரையும் கூப்பிட்டேன்.

"அண்ணே, துரை உங்களுக்குக் கோப்பி வாங்கித் தர்றாராம். எதுத்த கடையில போய்க் குடிச்சிட்டு வாங்க. அவசரமே இல்ல."

"அவங்க ரெண்டு பேருக்கும் வாங்கிட்டு வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போனார்கள். அடுத்த தடவையே படம் முடிந்தது. துரை என் தோளைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேசாத படம் அது. நடுநடுவே எழுத்து வரும். ஒரு வாரம் கழித்து இங்கிலீஷ் வாசகத்தைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னார் துரை. "முன்பு எட்டு ஆள். இப்போது இரண்டே ஆள்" என்று எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். விளம்பரம் என்றால் இப்படித்தான் அளப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எழுத்து இன்னும் கொஞ்சம் குண்டாக இருக்கட்டும் என்று மறுபடியும் எழுதிக் கொடுத்தேன்.

ஆயர் ஈத்தாம் என்ற ஊரின் சந்தைத் திடலில் வெள்ளைத் துணி கட்டி இலவசமாகக் காட்டினார்கள். எட்டுப் பேரும் குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தார்கள். துணியில் மச்சான் தோன்றியதும் சீட்டி பறந்தது.

"நாங்க எப்ப வருவோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் மூத்தவர். பிறகு என் எழுத்து வந்தது.

"என்ன போட்டிருக்கு கிராணியாரே? படிங்க."

"லோரி ரொம்ப நல்ல லோரின்னு போட்டிருக்கு அண்ணே."

அக்காவுக்குப் படிக்கத் தெரியும். திரும்பி என்னைப் பார்த்தாள்.

கிட்டங்கி முதலாளி லாரியை வாங்கினார். படத்தில் பார்த்த அதே இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டார். மறுநாள் உச்சிப்பொழுதில் மச்சான் கம்பெனி வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அதுவரை எனக்கு முன்னால் அவர் அப்படி நின்றதில்லை.

"ஆறு பேரும் காலையிலேர்ந்து அதே கோப்பிக் கடையிலதான் உக்காந்திருக்காங்க மாப்ள. நீதான அனுப்புன? நீயே வந்து கூப்பிடு."