அக்காவின் முறை

கட்டுக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். காய்ந்த புல்லைச் சுருட்டிக் கட்டும் மெஷின் அவரிடம் மட்டும்தான் இருந்தது. அறுத்துப் போட்ட புல்லில் ஒரு கைப்பிடி எடுத்து முறுக்குவார். சடசடவென்று ஒடிந்தால்தான் மெஷின் இறங்கும். துவண்டால், காலில் விழுந்தாலும் கட்ட மாட்டார். முதலில் அறுத்தவருக்கு முதலில் கட்டுவது என்று முறை வைத்தவரும் அவரே. முப்பது வருஷம் யாருக்காகவும் அதை மாற்றியதில்லை.

அந்த வருஷம் வசந்தத்துக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. குளிர் விலகும் முன்பே ஒரு வாரம் வெயில் கொளுத்த, புல் ஏமாந்து தலைதூக்கியது. உடனே உறைபனி விழுந்து நுனியெல்லாம் கருகியது. பிறகு விட்டுவிட்டு மழை. கடைசியில் மூன்று நாள் வெயில் சேர்ந்தாற்போல் அடித்தது. மிஞ்சிய புல்லை எல்லோரும் அறுத்துக் காயப்போட்டார்கள். மூன்றாம் நாள் காலை, சாயங்காலத்திலிருந்து மறுபடி மழை என்று ரேடியோ சொன்னது.

ஒரு வயலைக் கட்டத்தான் நேரம் இருந்தது. முதலில் அறுத்தது அவருடைய அக்கா. புருஷன் போன பிறகு நாலு மாட்டை வைத்துக் காலம் தள்ளுகிறவள். அடுத்தது அவருடைய வயல். அவர் தொழுவத்தில் பதினாலு வாய்.

அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, மெஷின்ல பெல்ட் அறுந்துபோச்சு. இன்னைக்கு முடியாது."

"விடுடா, அதுக்கு நீ என்ன பண்ணுவ? பதறாம பாரு."

போனை வைத்த கையோடு தன் வயலில் மெஷினை இறக்கினார். அக்கா வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம், சத்தம் கேட்காது. அதையும் யோசித்து வைத்திருந்தார், படுபாவி!

மழை ஒன்பது நாள் விடவில்லை. அக்காவின் புல் தரையிலேயே கறுத்தது. வேறு தீவனம் எங்கும் கிடைக்காததால் அதையே உதறிக் காயவைத்துப் போட்டாள். மூன்றாம் வாரம் அவளுடைய சினைமாட்டுக்குக் கரு கலைந்தது. பூஞ்சணம் பிடித்த புல்தான் காரணம் என்றார் மாட்டு டாக்டர்.

கேட்டதிலிருந்து கட்டுக்காரருக்குத் தன் மாடுகள் மொறுமொறுவென்று மெல்லுவதைப் பார்க்கவே கூசியது. பாதிக் கட்டுகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "போன வருஷத்துக் கட்டாடா? நல்லவேளை, மிச்சம் வெச்சிருந்தியே."

தலையை ஆட்டினால் போதும். பொய்யை அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். அவருக்குத் தலை அசையவில்லை.

"இந்த வருஷத்தது, அக்கா. அன்னைக்குக் கட்டினது. பெல்ட் அறுந்து போகல."

அக்கா கட்டிலிருந்து ஒரு பிடி புல்லை உருவினாள். முறுக்கினாள். சடசடவென்று ஒடிந்தது.

"உனக்குப் பதினாலு மாடுன்னு எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தா என் முறையை நானே விட்டிருப்பேனேடா. உன்கிட்டேயே பத்துக் கட்டு வாங்கிக்கிட்டு, கறுத்ததைக் குப்பைக்குழியில கொட்டியிருப்பேன். கன்னு பொழைச்சிருக்கும்."

அக்கா ஒடிந்த புல்லைக் கட்டின் மேலேயே போட்டாள்.

"இறக்கு. மாடு பசியோட நிக்குது" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குள் போனாள்.

ஒவ்வொரு கட்டாக இறக்கினார். அக்கா ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார்.