மூச்சு வாங்காத குரல்

பொய் பேசத் தெரிந்திருந்தால் அம்சவள்ளி முப்பது வருஷம் மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியிருக்க மாட்டாள். போன மாசியில் நடந்த இதை, அவள் சொன்ன நேரத்தோடு அப்படியே சொல்கிறேன். நம்பாதவர்கள் ஒருநாள் விடிவதற்கு முன்னால் அந்த வரப்பில் தனியாக நடந்து பார்க்கட்டும்.

ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து அவளுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், பேசிக்கொண்டே நடக்க வேண்டும், பேச முடியாமல் மூச்சு வாங்கினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நடக்க இடம் இருந்தது. பேசத்தான் ஆள் இல்லை. புருஷன் போய் ஆறு வருஷம். ஒரே மகள் கீதாஞ்சலி தாம்பரத்தில். கூட வேலை பார்த்த பெண்களைக் கூப்பிட்டால், நாள் பூரா நடக்கிறது பத்தாதா என்று சிரித்தார்கள்.

கடைசியில் கீதாஞ்சலிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் காலை 5.40க்கு போன் போடுவாள். அம்மா நடந்துகொண்டே பேசுவாள். மகள் பேச்சைவிட மூச்சைத்தான் காது கொடுத்துக் கேட்பாள். போனை வைக்கும்போது, இங்கேயே வந்துவிடேன் என்பாள். அம்சவள்ளி மாட்டேன் என்பாள். மருமகன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அவளுக்குக் கூச்சம்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை. விடியற்காலம் கரண்ட் வந்ததும் போனை சார்ஜில் போட்டுவிட்டு அங்கேயே வைத்தாள். கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள். கையில் கட்டியிருந்த வாட்சில் மணி 5.15. மகளிடம் திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

உப்பளத்தில் ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பேச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டுமே. தனக்குத்தானே பேசினாள்.

"கஞ்சி குடிக்கணும். மாத்திரை போடணும்."

"...மாத்திரை போடணும்."

நின்றாள். எதிரொலியாக இருக்கும். ஆனால் அங்கே மலையும் இல்லை, மதிலும் இல்லை. முப்பது வருஷத்தில் அந்த வெட்டவெளியில் எதிரொலி கேட்டதே கிடையாது.

மணி 5.27.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. நம்மோடு பேச ஏதோ ஒன்றாவது இருக்கிறதே என்றுதான் இருந்தது. வேண்டுமென்றே இன்னொன்று சொன்னாள்.

"எம் பொண்ணு பேரு கீதாஞ்சலி."

"எம் பொண்ணு பேரு கீதாஞ்சலி."

இந்த முறை அது பக்கத்துப் பாத்தியிலிருந்து வந்தது. அவளுடைய குரலேதான்.

வேகமாக நடந்தாள். சளக்... சளக்... தண்ணீரில் காலடி. அவள் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தாள். ஆள் இல்லை. தண்ணீரில் ஒரு சலனமும் இல்லை.

5.34. நெஞ்சு இறுகியது.

"முருகா... என்னால... முடியல..."

"முருகா, என்னால முடியல."

அவளுக்கு மூச்சு வாங்கியது.

அதற்கு வாங்கவில்லை.

அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த நெஞ்சுவலி மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தாள்.

5.38. சளக்... சளக்... காலடி அவளைத் தாண்டிப் போனது. அவள் வீடு இருக்கிற பக்கமாக...

வெளிச்சம் வந்த பிறகுதான் எழுந்தாள். வீட்டுக் கதவு பூட்டியபடியே இருந்தது. மணி 6.40. மகள் பதறிக்கொண்டிருப்பாளே என்று அவசரமாகக் கூப்பிட்டாள்.

கீதாஞ்சலி பதறவில்லை. இப்போதுதானே இருபத்து மூன்று நிமிஷம் பேசினோம், அதற்குள் என்ன மறந்துபோச்சு என்று சிரித்தாள். அம்மாவுக்கு ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லையாம். கேட்கக் கேட்க மனசு நிறைந்துவிட்டதாம்.

அம்சவள்ளி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். 5.40. இருபத்து மூன்று நிமிஷம். பூட்டிய வீட்டுக்குள் யாரோ எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

"எத்தினி நாளா கூப்பிட்டுனு இருக்கேன், மாட்டேன்னியேம்மா. இன்னைக்கு நீயே வர்றேன்னு சொல்லிட்ட."

"நான்... என்ன சொன்னேன்?"

"நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துடறேன், கதவைத் தாப்பா போடாதன்னு சொன்னியே."

அன்று மத்தியான பஸ்ஸிலேயே அம்சவள்ளி தாம்பரம் போய்ச் சேர்ந்தாள். இன்றுவரை அந்த வீட்டில் ராத்திரி தாழ்ப்பாள் போடுவது அவள்தான். மகள் கூடவே வாக்கிங் வருகிறாள்.

அம்சவள்ளி வாயைத் திறப்பதில்லை.